நாயமும் நியாயமும்

சேலத்தில் ஏறி, சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டுக்குப் போகும் பேருந்தில் ஒரு மணி நேரம் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தால் ஒரு சொல் நாலைந்து முறையாவது விழும்: நாயம். 'என்னங்க நாயம்?' என்றால் என்ன சேதி என்று பொருள். 'திண்ணையில நாயம் பேசிக்கிட்டு இருந்தோம்' என்றால் வெறும் பேச்சு. அதே வாய் கொஞ்ச நேரங்கழித்து 'இது நாயமா?' என்று கேட்கும். அப்போது அது நீதி. நியாயம் என்ற சொல் கொங்கு வாய்க்குள் போய் நாயமாகிப் பேச்சுக்கும் நீதிக்கும் பொதுவாக நின்றுவிட்டது. ஒரு காரியத்தின் சரி தவறைத் தீர்மானிக்க அதைப் பற்றி நாலு பேர் பேசித்தானே ஆகவேண்டும்? அந்தப் பழக்கத்தில் இரண்டும் ஒன்றாகியிருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தச் சொல்லிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைச் சுற்றி 2014 டிசம்பரில் மூண்ட சண்டையை இதுவரை பெரும்பாலும் கருத்துச் சுதந்திரத்தின் கதையாகவே பேசிவந்திருக்கிறோம். அது அப்படிப்பட்ட கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் வேறொரு வழக்கும் இருந்தது. நாவலாசிரியர் எழுதியது ஒரு நாயம்: பல வாய்கள், பல கோணங்கள், முடிவு கட்டாத பேச்சு. எதிர்த்தவர்கள் கேட்டது நியாயம்: யார் செய்தது தப்பு, அதை நீ தப்பு என்று எழுதினாயா இல்லையா? புனைவில் அறம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இவ்வளவு கூர்மையாகத் தமிழ்நாட்டில் எழுந்த வேறு தருணம் எனக்கு நினைவில் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்துக்கு முந்தைய காலம், திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரம். காளியும் பொன்னாவும் காட்டுவேலை செய்து பிழைக்கும் கவுண்டர் வீட்டுத் தம்பதி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. ஒருவர்மேல் ஒருவருக்குத் தீராத ஆசை. அது நாவல் முழுக்கத் தெரிகிறது. ஆனால் ஊரின் கண்ணில் அவள் வறடி. சொத்து யாருக்குப் போகும் என்ற கணக்கைச் சொந்தக்காரர்கள் இப்போதே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேண்டாத சாமி இல்லை, சுற்றாத கோயில் இல்லை. மலையுச்சியில் கால் தவறினால் உயிர் போகும் வறடிக்கல்லையும் பொன்னா சுற்றி வந்துவிட்டாள். மிச்சமிருப்பது ஒரே வழி. அர்த்தநாரீசுவரர் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு. அன்று பிள்ளையில்லாத பெண் தனக்குப் பிடித்த, முன்பின் தெரியாத ஆணோடு சேரலாம். அன்றைக்கு அவன் ஆண் இல்லை, சாமி. பிறப்பது சாமி கொடுத்த பிள்ளை. இரண்டு வீட்டுத் தாய்மாரும் இதை விரும்புகிறார்கள். காளி மறுக்கிறான். கடைசியில் பொன்னாவின் அண்ணன் முத்து, காளி சம்மதித்துவிட்டான் என்று தங்கையிடம் சொல்லி அவளை அனுப்ப ஏற்பாடு செய்கிறான். காளியைக் குடிக்க அழைத்துக்கொண்டு போய்விடுகிறான்.

இந்தச் சுருக்கத்தை ஒருவரிடம் சொல்லி 'இதில் யார் கெட்டவர்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளைகள் படும் அவமானம் தீரவேண்டும். தலைமுறை தலைமுறையாக இருந்ததாக அவர்கள் நம்பும் வழி ஒன்று கண்முன் இருக்கிறது. முத்து காளிக்கு மைத்துனன் மட்டுமல்ல, பால்ய சிநேகிதன். பொன்னா? முன்பொருநாள் இந்தப் பேச்சு வந்தபோது காளி அவளிடமே நீ போவாயா என்று கேட்கிறான். நீ சொன்னால் போகிறேன் என்கிற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். அவள் கணக்கில் அது பணிவு. அவன் காதில் அது துரோகமாக விழுகிறது. ஒரே வாக்கியம், இரண்டு நியாயம். நாவலின் உயிர்நிலை அந்த இடம் என்பேன். பதினான்காம் இரவைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியாயிற்று. இந்தச் சின்ன உரையாடலை அவ்வளவாக யாரும் தொடவில்லை.

காளியின் நியாயத்தையும் நாவல் பளிங்காக வைத்திருக்கவில்லை. தன் பெண்டாட்டி தனக்கே உரியவள் என்ற அன்பு அதில் இருக்கிறது. கூடவே, அந்தக் கூட்டத்தில் அவளைத் தொடப்போகிறவன் எந்தச் சாதியோ என்ற அருவருப்பும் இருக்கிறது. காதலும் சாதியும் ஒரே மூச்சில் வருகின்றன. கல்யாணத்துக்கு முன்னால் இவனும் முத்துவும் அதே திருவிழாக் கூட்டத்தில் சுற்றித் திரிந்த இளவட்டங்கள்தாம். வாசகர் இவனுக்காக இரங்க வேண்டும், அதே நேரம் இவனுடைய இரக்கத்துக்கு எல்லை எங்கே என்றும் பார்க்க வேண்டும். நல்லுப்பையன் சித்தப்பா என்று ஒரு கட்டைப் பிரம்மச்சாரி வருகிறார். பிள்ளை எதற்கடா என்று கேட்கிற ஒரே ஆள். ஊர் அவரை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆனால் பன்னிரண்டு வருடத் துயரத்துக்கு வெளியே நின்று பேசுவது அவர் ஒருவர்தான்.

அறம் பற்றிய நாவல் வேறு, அறம் சொல்லும் நாவல் வேறு. இரண்டாவது வகையில் ஆசிரியரின் குரல் கதைமாந்தரின் தலைக்கு மேலே எங்கோ நின்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும். முதல் வகையில் அந்தக் குரல் மாந்தருக்குள் கரைந்துபோகும். காளி நினைப்பது காளியின் சொல்லிலேயே வரும், பொன்னா நினைப்பது பொன்னாவின் சொல்லில். நாவல் என்ற வடிவமே இப்படிக் கரைந்ததால் நீதிமன்றம் ஏறியது இங்கே முதல்முறை இல்லை. 1857இல் பாரிசில் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி'மேல் வழக்கு நடந்தபோது அரசு வழக்கறிஞர் எர்னஸ்ட் பினார் கேட்டதன் சாரம் இதுதான்: கணவனுக்குத் துரோகம் செய்யும் இந்தப் பெண்ணை இந்தப் புத்தகத்துக்குள் கண்டிக்கிற ஆள் யார்? ஒருவரும் இல்லையே! அவர் இலக்கியம் தெரியாதவர் இல்லை, நன்றாகவே படித்திருந்தார். கண்டிக்கும் குரல் இல்லாததை அவர் மிகச் சரியாகக் கண்டுபிடித்தார். அதைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிசகு. ஃப்ளோபேர் விடுதலையானார். திருச்செங்கோட்டில் கேட்கப்பட்டதும் ஏறக்குறைய பினாரின் கேள்விதான், கொங்கு உச்சரிப்பில்.

அங்கே நடந்ததை வரிசைப்படுத்தினால் இப்படி. நாவல் காலச்சுவடு வெளியீடாக வந்தது 2010இல். நாலு வருடம் சத்தமில்லை. 2013இல் அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 2014 டிசம்பரில் நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் கைமாறின; மாதக் கடைசியில் திருச்செங்கோட்டில் புத்தகம் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9இல் ஊரில் கடையடைப்பு. 12ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த 'அமைதிப் பேச்சுவார்த்தை'யில் எழுத்தாளர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்கவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் இணங்கினார். அதையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த மனுவோடு சேர்த்து எல்லா மனுக்களையும் விசாரித்து, 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது.

எதிர்த்தவர்களை வெறும் கும்பல் என்று தள்ளிவிடுவது எளிது. சாதி அமைப்புகளும் மத அமைப்புகளும் அந்தக் கோபத்தை ஊதிப் பெரிதாக்கின என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவர்கள் வாதத்தில் ஒரு கணு இருந்தது; அதைக் கவனிக்காமல் போனால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. இது வரலாறு என்றால் ஆதாரம் காட்டு. கற்பனை என்றால் எங்கள் ஊர்ப் பேரையும் கோயில் பேரையும் சாதிப் பேரையும் ஏன் எழுதினாய்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் பாட்டிமாரை இப்படிச் சொல்லிவிட்டானே என்று ஒரு பெண் கண்கலங்கினால் அவளிடம் இலக்கியக் கோட்பாடு பேசிப் பயனில்லை. கள ஆய்வில் வாய்மொழியாகக் கேட்டவற்றிலிருந்து இந்தக் கதை முளைத்தது என்று ஆசிரியர் முன்னுரையில் சொன்னது வேறு, வாசகரை ஆவணம் தேடும் மனநிலைக்கு நகர்த்தியது. பேச்சுவார்த்தையில் இனிவரும் பதிப்புகளில் ஊர்ப்பெயரை நீக்க அவர் ஒத்துக்கொண்டார். அப்படிச் செய்தால் மிஞ்சுவது என்ன? ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு சாதி. அப்போது அந்தக் கதைக்குக் காரணமே போய்விடும். காளியின் தவிப்பு கவுண்டர் வீட்டுத் தவிப்பு. அந்தச் சாமி பாதி பெண்ணான சாமி. வேறு எந்தச் சாமியின் அடிவாரத்திலும் ஆண் தன் பாதியை இழப்பது பற்றிய இந்தக் கதை இதே கனத்தில் நிற்காது.

தீர்ப்பு இந்தக் கணுவை வேறு வழியில் அவிழ்த்தது. வழக்கம் உண்மையில் இருந்ததா என்று நாவலாசிரியர் நிரூபிக்கக் கடமைப்பட்டவர் இல்லை. பிடிக்காதவர் புத்தகத்தை மூடிவைக்கலாம். அதிகாரிகள் முன் நடந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது. சட்டப்படி சரியான தீர்ப்பு, துணிச்சலானதும்கூட. ஆனால் புத்தகத்தை மூடிவைக்கலாம் என்பது அறக்கேள்விக்கு விடையாகாது. மூடாமல் கடைசிவரை படித்தவருக்கு அந்தப் புத்தகம் என்ன செய்கிறது என்பதல்லவா விஷயம்?

வழக்கம் இருந்ததா என்ற சண்டையில் ஒன்றை மறந்தோம். ஆணில்லாத இடத்தில் வேறோர் ஆணைக் கொண்டு வமிசத்தை நீட்டும் ஏற்பாடு நம் பெருங்கதையின் அடித்தளத்திலேயே இருக்கிறது. சத்தியவதி வற்புறுத்தலில் வியாசர் அம்பிகையிடமும் அம்பாலிகையிடமும் வருகிறார். ஒருத்தி கண்ணை மூடிக்கொள்கிறாள், பிறப்பவன் குருடன். இன்னொருத்தி வெளிறிப்போகிறாள், பிறப்பவன் வெளிறியவன். அம்பிகையை மறுபடி போகச் சொன்னபோது அவள் தனக்குப் பதில் ஒரு பணிப்பெண்ணை அனுப்புகிறாள். விதுரன் பிறக்கிறான், கதையின் மிகத் தெளிந்த மனசாட்சி. கூத்துக்கும் பாரதப் பிரசங்கத்துக்கும் தவறாமல் போகும் இதே சமவெளியில் இது யாரையும் புண்படுத்தியதில்லை. தூரத்துக் குலம், தூரத்துக் காலம். நியோகம் எனப்படும் இந்த ஏற்பாட்டைச் சாத்திரம் என்று ஏற்கும் மனம் பதினான்காம் இரவை அவதூறு என்கிறது. வித்தியாசம் செயலில் இல்லை, ரிஷியா யாரோ ஒருவனா என்பதில் இருக்கிறது. காளியின் அருவருப்பும் அங்கேதான் தொடங்கியது. நாவலை எரித்தவர்கள் காளியின் பக்கம்தான் நின்றார்கள் என்பதை அவர்கள் கவனித்தார்களோ இல்லையோ.

கொங்குப் புனைவுக்கு இப்படித் தராசைத் தொடாமல் இருக்கும் பழக்கம் புதிதில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கைம்பெண் ஒருத்தி கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். ஊர் பேசும் ஒருவனோடு பழகுகிறாள். கடைசியில் கொலை விழுகிறது. அவள் கேட்டது உரிமை, நடந்தது கொலை, இரண்டுக்கும் இடையில் ஆசிரியர் ஒரு வார்த்தை உபதேசம் செய்வதில்லை. புதுமைப்பித்தன் 1934இல் 'பொன்னகரம்' எழுதியபோது அப்படி விலகி நிற்கவில்லை. கடைசியில் வாசகரைப் பார்த்து நேரடியாகவே குத்தினார். அடிபட்டுக் கிடக்கும் புருசனுக்கான செலவுக்காகத் தன்னை விற்கிற பெண்ணைக் காட்டி, கற்பு பேசுகிறவர்களைக் கேலி செய்த கதை அது. இரண்டும் இரண்டு வழி. என் மனம் சண்முகசுந்தரத்தின் பக்கம் சாயும். குத்தல் ஒருமுறைதான் வலிக்கும்.

ஆனால் ஒப்பிட மிகப் பொருத்தமானவர் ஜெயகாந்தன். 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வந்தது. மழைநாளில் காரில் ஏற்றிச் சென்ற ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவி. முதலில் அதிர்ந்த தாய், பிறகு தலையில் தண்ணீரைக் கொட்டி நீ சுத்தமாகிவிட்டாய் என்று முடித்துவைக்கிறாள். அன்றைக்குக் கொதித்தவர்கள் ஏராளம். ஜெயகாந்தன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, வேறொன்று செய்தார். அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும்? 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அந்த 'இருந்தால்' என்பதிலிருந்து பிறந்தது. ஒரு தீர்ப்பைச் சோதிக்க எதிர்த் தீர்ப்பை முழு நாவலாக எழுதிப் பார்ப்பது! தத்துவப் பேராசிரியர்கள் கற்பனைச் சோதனை என்று கட்டுப்பாடிழந்து ஓடும் ரயிலையும் ஐந்து ஆட்களையும் வைத்துச் செய்வதை, அவர் கங்கா என்ற ஒரு பெண்ணின் பல வருட வாழ்க்கையை வைத்துச் செய்தார்.

பெருமாள்முருகன் அதையே இரட்டித்தார். 'மாதொருபாகன்' பூவரச மரத்தடியில் காளி நிற்பதோடு முடிகிறது; அவன் செத்தானா இல்லையா என்று தெரியாது. வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதிலாக ஒரு நாவலுக்கு இரண்டு தொடர்ச்சி வந்தது. 'ஆலவாயன்' நாவலில் காளி இறந்துவிட்டான். பொன்னா வயிற்றில் பிள்ளையோடு மிஞ்சுகிறாள். 'அர்த்தநாரி'யில் காளி பிழைத்துக்கொள்கிறான். ஆனால் அவளோடு பேசுவதில்லை. எந்த வரிசையிலும் படிக்கலாம், ஒன்றை மட்டும் படித்துவிட்டும் நிறுத்தலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குப் பட்டது இது: காளி செத்தாலும் தண்டனை பொன்னாவுக்கு, இருந்தாலும் பொன்னாவுக்கு. ஒன்றில் அவனுடைய சாவு அவளைத் தண்டிக்கிறது, இன்னொன்றில் அவனுடைய மௌனம். ஒரே நாவலாக இதைச் சொல்லியிருந்தால் விதி என்றோ கதையின் போக்கு என்றோ கடந்துவிடலாம். எதிரெதிரான இரண்டு பாதையும் ஒரே இடத்தில் வந்து சேரும்போதுதான் அந்த இடம் கதையில் இல்லை, ஊரில் இருக்கிறது என்று உறைக்கிறது. இதை எந்த நகல்தாளாலும் காட்டமுடியாது.

ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். எழுத்தாளர் வாயடைத்து ஐந்தாறு மாதங்கூட ஆகவில்லை. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பட்டியல் சாதிப் பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர், வேறு சாதித் தோழியோடு அதே அர்த்தநாரீசுவரர் கோயிலில் காணப்பட்டார் என்பதற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் பாதையில் சடலம் கிடந்தது. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதே மலைதான். யாரோடு யார் சேர்ந்து நிற்கலாம் என்ற கேள்விதான். 2013இல் வந்த 'பூக்குழி'யில் பெருமாள்முருகன் சாதி மாறிய கல்யாணத்தை எழுதி, அதை, சாதி மாறிக் கல்யாணம் செய்து உயிரிழந்த தர்மபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். அந்த நாவலை யாரும் எரிக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

இன்று அதே சாலையில் போனால், போர்போடும் ரிக் வண்டிகள் அணிவகுத்து நிற்கும் திருச்செங்கோட்டில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. சிரிக்கும் குழந்தை, கைபேசி எண், தவணை வசதி. உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பத்துக்கு 2021இல் வந்த சட்டம் விந்தணு கொடுத்தவரின் அடையாளத்தை மறைத்துவைக்கச் சொல்கிறது. பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியின் குழந்தையே என்கிறது. முகம் தெரியாத ஆண், கேள்வி கேட்காத ஊர், தம்பதியின் பேரில் பிள்ளை. பதினான்காம் இரவுக்கும் இதற்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் சட்டம் ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது: எழுத்தில் சம்மதம், சம்பந்தப்பட்ட இருவரிடமும். நாவலில் இல்லாதது சரியாக அதுதான். சேர்க்கை நடந்தது குற்றமா என்று ஊர் விவாதித்தது. இல்லாத சம்மதத்தை இருப்பதாகச் சொன்ன பொய், அந்த விவாதத்தின் நடுவே வரவேயில்லை. என் வாசிப்பில் நாவலின் அறம் குவிவது அந்தப் பொய்யில்தான்.

திருச்செங்கோட்டு மலையில் படியேறுகிறவர்களுக்கு அறுபதாம் படி தெரிந்திருக்கும். பாம்பு செதுக்கிய இடத்துக்கு அருகே, சத்தியப் படி என்பார்கள். வாய்க்கா வரப்புத் தகராறோ கடன் தகராறோ, அந்தக் காலத்தில் அங்கே நின்று சத்தியம் செய்துவிட்டால் வழக்கு தீர்ந்தது; பொய்ச்சத்தியம் செய்தவன் வீடு விளங்காது. இன்றும் பெரியவர்கள் சிலர் அங்கே ஒரு நொடி நின்று கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

அந்தப் படியில் இந்தக் கதைக்காரர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்க்கிறேன். நான் கெட்டது நினைத்துச் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னால் காளி பண்ணிவிடுவான். பொன்னா பண்ணிவிடுவாள். இரண்டு தாய்மாரும் சூடத்தை அணைத்தே பண்ணிவிடுவார்கள். முத்துவும் பண்ணுவான், தங்கச்சி நல்லா இருக்கோணும்னுதான் செஞ்சேன் என்று. அது பொய்யும் இல்லை. அவனிடம் மட்டும் இன்னொரு கேள்வி பாக்கியிருக்கும்.

'காளி சரின்னு சொன்னானா?'